என் நாற்காலியில் தலைவர்

அக்கா, முதலில் முறைப்படி சொல்லிவிடுகிறேன். பெயர், வீட்டில் சின்னவன், அலுவலகத்தில் 'தற்காலிகம்'. வயது இருபத்தேழு. இருப்பிடம், வாரியக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கொதிகலன் அறைக்கு வெளியே, மாடிப்படிக்கு அடியில். தெருவில் பனி கொட்டுகிறது. அறைக்குள்ளே வயதானவர்கள் சிலர் ஓலைத்தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக மணலில் கால் நீட்டி உட்கார்ந்து உல்லாசமாக இருக்கிறார்கள். அவர்கள் உல்லாசமாக இருப்பதை மேற்பார்வை செய்வதுதான் இன்றைக்கு என் வேலை.

போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். அம்மா போனை எடுத்துவிட்டால் மறுமுனையில் இருப்பவன் 'உம்' கொட்டலாம், வேறொன்றும் செய்ய முடியாது. அதனால் நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. நீ அம்மாவை உட்காரவைத்து வாசித்துக் காட்டு. நடுவில் "சே, அவர் அப்படிப்பட்டவர் இல்லடா" என்று குறுக்கே வந்தால் நிறுத்தாதே.

'அவர்' யார் என்று உங்களுக்குத் தெரியும். இந்த நிமிஷம் நம் வீட்டு வாசலில், கடலைப் பார்த்தபடி, என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்.

பிளேன் டிக்கெட் கொடுக்கிற ஆபீஸில் நான் பெரிய வேலையில் இருக்கிறேன் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது முழு உண்மை இல்லை. எங்களுடையது முதியோர் வெப்பமண்டல உல்லாசப் பயண வாரியம். குளிரில் முட்டி பிடித்துக்கொண்ட வயதானவர்களைக் குறைந்த செலவில் தென்னை மரமும் கடலும் இருக்கிற ஊருக்குக் கூட்டிப்போவதற்காக அரசாங்கம் இதை வைத்தது. வாரியம் தொடங்கியதிலிருந்து இதுவரை ஒரு முதியவரும் எங்கேயும் போனதில்லை. அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. வருஷா வருஷம் அறிக்கையில் 'எங்கள் பயணங்களில் ஒருவருக்கும் சிறு கீறல்கூட ஏற்பட்டதில்லை' என்று பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள்.

வாரியத் தலைவரின் அறைச் சுவர் முழுக்க ஒரு கடற்கரைப் படம். மணல், சாய்ந்த தென்னை, ஒரு படகு. நான் சேர்ந்த நாளில் அதைப் பார்த்தேன், அன்றைக்கே வயிறு எரிய ஆரம்பித்தது. நம் வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற அதே காட்சி. முன்பின் தெரியாத யாரையோ அந்த வெயிலில் போய் உட்காரவைப்பதற்காக, அந்த வெயிலிலேயே பிறந்த நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு கடிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

விண்ணப்பித்தவர்களில் முதல் ஆள் பஸ்காரர். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாரம் தவறாமல் என் ஜன்னலுக்கு வந்து நிற்பார்.

"என்ன தற்காலிகம், நம்ம கடல் இருக்கா, வத்திப்போச்சா?"

"இருக்கு ஐயா. பரிசீலனையில இருக்கு."

"கடலையே பரிசீலனையில போட்டீங்களா? பலே."

அவரோடு தையலம்மாவும் வருவார். முன்பு தையல் கடை வைத்திருந்தவர். கடலுக்கென்று பூப்போட்ட கவுன் ஒன்று தைத்து வைத்திருக்கிறார். "ஒவ்வொரு வருஷமும் பிரிச்சுப் பிரிச்சு சின்னதாக்குறேன் தம்பி. நான் இளைச்சுக்கிட்டே வர்றேன். நீங்க இப்படியே இழுத்தீங்கன்னா கடைசியில கைக்குட்டைதான் மிஞ்சும்" என்பார்.

போன வருஷம் மேலிடத்திலிருந்து ஓர் அதட்டல் வந்தது. இந்தத் தடவை ஒரு குழுவாவது கிளம்பியாக வேண்டுமாம். உடனே சிக்கனக் கூட்டம் கூடியது. தலைவர் நடுவில், பக்கத்தில் கணக்கு மேடம், தண்ணீர் ஊற்றிக்கொடுக்க நான்.

மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். "கடலைப் பார்த்த ரூம்னா விலை ஜாஸ்தி சார். கடல் சத்தம் கேக்கிற ரூம் போதும்."

"பாதிப் பேருக்குக் காது கேக்காதே" என்றார் தலைவர்.

"அப்போ சத்தமும் வேண்டாம். பின்பக்கத்து ரூமே போட்டுடலாம். கடைசி ராத்திரிக்கு ரூமே எதுக்குன்னு கேக்கறேன். வயசானவங்களுக்கு எப்படியும் தூக்கம் வராது. ஏர்போர்ட் பெஞ்சுல உட்கார்ந்து தூங்காம இருக்கட்டுமே."

"போறப்ப பிளேன்ல போகட்டும். வர்றப்ப?"

"வர்றதையும் நாமதான் குடுக்கணுமா சார்?"

தலைவர் எழுந்து நின்றார். அவர் நின்றால் அது உரை. "ஒண்ணு புரிஞ்சுக்கணும். சிக்கனம்ங்கறது செலவைக் குறைக்கறது இல்ல. ஆசையைக் குறைக்கறது. பெரியவங்க ஆசையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சிட்டே வந்தோம்னா ஒரு கட்டத்துல பயணமே தேவைப்படாது. வாரியத்தோட நீண்டகால லட்சியம் அதுதான். ஆனா மேலிடம் அவசரப்படுது."

அன்றைக்குத்தான் அக்கா, என் புத்தி கெட்டுப்போனது. ஒவ்வொரு குழுவோடும் பை தூக்க ஒரு துணையாளை வாரியச் செலவில் அனுப்புவார்கள். அது வேலைநாளாகவே கணக்காகும், லீவு போட வேண்டியதில்லை. நான் இந்த நாட்டில் இருப்பதே இந்த வேலையை நம்பித்தான். லீவு கேட்டால் பரிசீலனையில் கிடக்கும், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினால் வேலை போகும், வேலை போனால் தங்கும் அனுமதியும் போகும். வந்ததிலிருந்து உங்களைப் பார்க்க வராததற்கு அதுதான் காரணம், நன்றிகெட்டவன் என்பதால் அல்ல. துணையாளாக வந்துவிட்டால் சட்டப்படி ஊருக்கு வந்த மாதிரியும் ஆச்சு, அம்மா மடியில் படுத்த மாதிரியும் ஆச்சு.

தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தேன்.

"சார், எங்க அம்மா கடற்கரையிலயே ஒரு சின்ன விடுதி நடத்தறாங்க. எல்லா ரூமும் கடலைப் பார்த்துதான் இருக்கும். வேற பக்கம் பார்க்க அங்க ஒண்ணும் இல்ல."

"வாடகை?" என்றார் மேடம்.

சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். "ஒரு நாளைக்கா, ஒரு மணி நேரத்துக்கா?" என்று கேட்டார். ஒரு நாளைக்கு என்றதும் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். இத்தனை காலத்தில் இந்த நாட்டில் என் தோளைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். கண் கலங்கிவிட்டது எனக்கு.

தீர்மானம் நிறைவேறியது. நம் விடுதிதான். மெதுவாக இழுத்தேன். "அப்போ சார், துணையாளா நானே..."

மேடம் என் தோளிலிருந்து கையை எடுத்தார். "விதி தெரியாதா உனக்கு? போற இடத்துல துணையாளுக்குச் சொந்தமோ பழக்கமோ இருக்கக் கூடாது."

"ஏன் மேடம்?"

"இருந்தா சந்தோஷமா இருப்பே இல்ல? வாரியப் பணத்துல ஊழியர் சந்தோஷமா இருந்தா அதுக்குப் பேர் கையாடல்."

இப்படித்தான் அக்கா, நான் என் வாயாலேயே என் வீட்டை விலைபேசிக் கொடுத்து, அதற்குள் காலெடுத்து வைக்கிற ஒரே வழியையும் அடைத்துக்கொண்டேன். வேறு எந்தக் கடற்கரையைச் சொல்லியிருந்தாலும் துணையாளாக அனுப்பியிருப்பார்கள். அங்கிருந்து பஸ் பிடித்தாவது வந்திருப்பேன்.

அடுத்தது ஒத்திகை. எங்கள் வாரியத்தில் ஒத்திகை பார்க்காமல் யாரும் தும்மக்கூட மாட்டார்கள். முதியவர்களுக்கு உல்லாசம் ஒத்துக்கொள்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டுமாம். கட்டடத்தில் சூடான இடம் கொதிகலன் அறை ஒன்றுதான். பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிற கொத்தனாரிடம் கெஞ்சி மணல் கொண்டுவந்து கொட்டினோம். காற்றுக்கு மின்விசிறி வைத்தோம். அலைக்கு, நான் ஒரு வாளித் தண்ணீரோடு மூலையில் உட்கார்ந்து துடைப்பத்தால் அப்படியும் இப்படியும் அலம்பினேன்.

முதியவர்கள் தொப்பியோடு வரிசையாக வந்தார்கள். மேடம் மகிழ்ச்சி மதிப்பெண் போட வந்து நின்றார்.

பஸ்காரர் மணலில் உட்கார்ந்தார், என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "ஏய் தற்காலிகம், சுறா வருதா பாருடா அதுல!" மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"அளவுக்கு மீறின மகிழ்ச்சி. தேறல. இந்த வயசுல இதயம் தாங்காது" என்றார் மேடம்.

தையலம்மா சிரிக்கவில்லை. கவுன் கசங்காமல் ஓரமாக உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகிழ்ச்சி போதல. தேறல. இவங்களைக் கூட்டிட்டுப் போனா காசுதான் தண்டம்."

"எவ்வளவு சிரிச்சா தேறும்மா?" என்று தையலம்மா கேட்டார்.

"அதைச் சொல்லிட்டா நீங்க வேணும்னே சிரிப்பீங்க. அது செல்லாது."

அன்றைக்கு யாருமே தேறவில்லை. ஆகவே ஒத்திகை தொடரும் என்று அறிவித்தார்கள். அது இன்றைக்கும் தொடர்ந்துகொண்டிருக்கிறது. இந்த மாடிப்படிக்கு அடியில் நான் உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

அதற்கிடையில் இடத்தை நேரில் ஆய்வு செய்தாக வேண்டும் என்று தலைவருக்குப் பட்டது. வழியனுப்பு விழா வைத்தோம். அவர் பேசியதைக் கேட்டால் அம்மா அழுதிருப்பாள். "நான் எனக்காகப் போகல. அந்த வெயில் எப்படி அடிக்குதுன்னு முதல்ல என் உடம்புல வாங்கறேன். அந்தக் கடல்ல முதல்ல நான் இறங்கறேன். அந்த மெத்தையில முதல்ல நான் படுக்கறேன். எனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஆகட்டும், நம்ம பெரியவங்களுக்கு ஆகக் கூடாது." கைதட்டினோம். பஸ்காரரும் தட்டினார். "சார், ரொம்பக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, மாத்திக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் அங்கேயே பார்த்தீர்கள். எனக்கு எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

முதல் போனில் அம்மா சொன்னாள்: "உங்க தலைவர் வந்து சேர்ந்துட்டார்டா. பாவம், பெட்டி தொலைஞ்சுபோச்சாம். உன் கட்டம் போட்ட சட்டையை எடுத்துக் குடுத்தேன். உன்னை விட அவருக்குத்தான் அது எடுப்பா இருக்கு."

இரண்டாவது போனில்: "உன் ரூம்லதான் படுக்க வெச்சிருக்கேன். மத்த ரூம்ல காத்து வராது பாரு."

மூன்றாவது போனில்: "எவ்வளவு தன்மையான மனுஷன்டா! சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வெக்கறார். நீ என்னிக்காவது கழுவியிருக்கியா? நேத்து என்னை அம்மான்னு கூப்பிட்டார்."

அம்மா! அவருக்கு அறுபது வயது, அக்கா. அம்மாவை விட மூன்று வயதுதான் சின்னவர். என்னிடம் அவர் பேசிய வார்த்தைகளை மொத்தமாகச் சேர்த்தால் 'கதவைச் சாத்து' என்பதற்கு மேல் வராது. தட்டு கழுவுகிறாராம். இங்கே அவர் குடித்த டம்ளரை நகர்த்தி வைக்கவே மணி அடித்து ஆளைக் கூப்பிடுவார்.

பிறகு நீ ஒரு படம் அனுப்பினாய். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பாய். வாசலில் அந்த நீல நாற்காலி. அதன் பின்கால் ஒன்று வளைந்தது, இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால்தான் ஆடாது. அந்தச் சூட்சுமம் எனக்குப் பிடிபட எவ்வளவு நாள் ஆனது, எத்தனை முறை விழுந்தேன் என்று உனக்குத் தெரியும். அவர் என் சட்டையில், இடது பக்கம் கச்சிதமாகச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் அம்மா நின்று அவருக்கு விசிறிக்கொண்டிருக்கிறாள். என் காதிலிருந்து வந்த புகையில் இந்தக் கட்டடத்தின் தீயணைப்பு மணி அடிக்காதது ஆச்சரியம்.

போன வாரம் அவர் அங்கிருந்தே திரையில் தோன்றி ஆய்வறிக்கை கொடுத்தார். மூக்கெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. முதியவர்களையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டிருந்தோம்.

"வருத்தத்தோட சொல்றேன். இந்த இடம் முதியவங்களுக்கு ஏத்தது இல்ல" என்று ஆரம்பித்தார். "கடல் ரொம்பப் பக்கத்துல இருக்கு. ராத்திரி அசந்து தூக்கம் வருது, காலையில எந்திரிக்கவே மனசு வரல. முட்டி வலி சுத்தமா போயிடுது. போனதுக்கப்புறம் திரும்ப வலிச்சா அவங்களால தாங்க முடியுமா? அந்த விடுதி அம்மா பாசத்தைக் கொட்டறாங்க. எல்லாத்துக்கும் மேல, இங்க வந்தா திரும்பிப் போகணும்னே தோணல. எனக்கே தோணல. என்னை மாதிரி மன உறுதி உள்ளவனுக்கே இப்படின்னா, பெரியவங்க கதி என்ன? ஆகவே அவங்க பாதுகாப்பை முன்னிட்டு, ஆய்வை நான் நீட்டிக்கறேன்."

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சார் எவ்வளவு தாங்கறார் பாருங்க. துணைக்கு நானும் போகணும் போல இருக்கு" என்றார். மறுநாளே டிக்கெட் போட்டுவிட்டார். இந்நேரம் அவரும் அங்கே வந்திருப்பார். அவருக்குக் கோடி அறையைக் கொடுங்கள், அங்கே கொசு அதிகம்.

கிளம்புவதற்கு முன் மேடம் ஓர் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போனார். இந்த வருஷம் ஒத்திகையே பயணமாகக் கருதப்படும். கொதிகலன் அறைக்கு வந்தவர்கள் எல்லோரும் வெப்பமண்டலம் போய்வந்தவர்களே. இன்னொரு தடவை விண்ணப்பிக்க முடியாது.

அதைப் படித்துவிட்டுத் தையலம்மா கவுனின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கு ஒண்ணும் பொறாமை இல்லப்பா" என்றார். கொஞ்சம் கழித்து, "பொய் சொல்றேன். அந்த ஆளு மூக்கு உரிஞ்சுபோகணும்" என்றார். நான் வாளியும் துடைப்பமுமாக அவர் பக்கத்தில் போய் மணலில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊரில் என் வயிற்றெரிச்சலுக்குத் துணை கிடைத்தது அன்றைக்குத்தான்.

பஸ்காரர் என்னை உற்றுப் பார்த்தார்.

"தற்காலிகம், ஒண்ணு கேக்கறேன். டிக்கெட்டை நாமளே வாங்கினா போலீஸ் பிடிக்குமா?"

"எந்த டிக்கெட் ஐயா?"

"பிளேன் டிக்கெட்டுதான்டா. வாரியம் இல்லாம."

யோசித்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, இவ்வளவு நாளாக அங்கே உட்கார்ந்திருந்த எனக்கு அது தோன்றியதே இல்லை. அவர்களுக்கும் இத்தனை வருஷம் தோன்றியதில்லை. வாரியத்தின் ஜன்னலில் வரிசையில் நின்று நின்று, கடல் வாரியத்துக்குச் சொந்தம் என்றே எல்லோரும் நம்பிவிட்டோம். அங்கே மழைக்காலம் தொடங்கும்போது யாரும் வருவதில்லை, டிக்கெட் விலை மளமளவென்று இறங்கிவிடும். நம் ஊர் மழை இவர்களுக்கு வெந்நீர்க் குளியல் மாதிரி. பார்த்தோம். வாரியம் சலுகை விலை என்று சொல்லிக்கொண்டிருந்ததை விட அது மலிவு.

"உங்க அம்மா லாட்ஜ் நம்பர் இந்த நோட்டீஸ் போர்டுல இருந்துச்சே, அதுல நேத்தே அடிச்சுப் பார்த்துட்டேன்" என்றார் பஸ்காரர். "அந்தம்மா என்னைப் பேசவே விடல. 'வாங்க'ன்னு சொன்னது மட்டும் விளங்குச்சு. அது போதும். எல்லாரும் கிளம்பறோம்."

ஆமாம் அம்மா, சளி பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று போனில் நீ நெடுநேரம் விளக்கினாயே, அது அவரிடம்தான்.

தையலம்மா என் முழங்கையைப் பிடித்தார். "எங்க பையை யாருடா தூக்குவா? நீயும் வா. உன் டிக்கெட்டை நாங்க பார்த்துக்கறோம். துணையாள் வேணும்ல, சொந்தக்காரனா இருந்தா இன்னும் நல்லது."

"எனக்கு லீவு வேணும்மா. தலைவர் கையெழுத்து போடணும்."

"அவர் இப்ப யார் வீட்டுல உட்கார்ந்திருக்கார்?"

சொன்னேன். பஸ்காரர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை மறுபடி சிரித்தார். மதிப்பெண் போட மேடம் இல்லாததால் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்க முடிந்தது.

அதனால்தான் அக்கா, இவ்வளவு நீளமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். இதோடு என் லீவுக் கடிதத்தை அனுப்பியிருக்கிறேன். முனைக் கடையில் ஒரு பிரதி எடுத்துக்கொள். நான் இங்கிருந்து கேட்டால் அவர் பரிசீலனையில் போட்டுவிடுவார். கடலையே போட்டவர்.

இனி அம்மாவுக்கு. அம்மா, அவர் நல்லவராகவே இருந்துவிட்டுப் போகட்டும், நான் சண்டைக்கு வரவில்லை. உன்னை அம்மா என்று கூப்பிடுகிறார் அல்லவா, கூப்பிடட்டும். சாயங்காலம் அவர் குளிக்கப் போகும்போது அந்த நீல நாற்காலியை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டிவிடு. வந்து எங்கே என்று கேட்டால், "என் பையனுக்கு லீவு குடுத்து இதுல ஒரு கையெழுத்து போடுப்பா, எடுத்துப் போடறேன்" என்று சொல். அவர் உரையாற்ற ஆரம்பித்தால் நீயும் ஆரம்பித்துவிடு. உன்னோடு பேசி இதுவரை யாரும் ஜெயித்ததில்லை.

கையெழுத்தானதும் நாற்காலியைக் கொடுத்துவிடு. நான் வந்து சேரும் வரைக்கும் உட்கார்ந்திருக்கட்டும்.